பழைய நிறுவனம் விடுவிக்கும்வரை

பெங்களூரு காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் ஒரு குடும்பம் கைபேசி நிறுவனத்தை மாற்ற நினைத்தால், 1900 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதிலாக வரும் குறியீட்டைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுத்தால் போதும். அதே மாநிலத்துக்குள் என்றால் 3 வேலைநாளில் காரியம் முடிந்துவிடும். சமையல் கேஸ் ஏஜென்சியை, அதே எண்ணெய் நிறுவனத்துக்குள், மாற்றவும் விதிப்படி 3 நாள்தான். ஒரு எண்ணெய் நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் கணக்கு குழம்பிவிடுகிறது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காகிதங்களோடு புதிய ஏஜென்சிக்குப் போக வேண்டும். மின்சாரம் தருபவரை மாற்ற நினைத்தாலோ எத்தனை நாள் காத்திருந்தாலும் முடியாது, பெஸ்காம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு இப்படி நான்கு விதமான காலக்கெடு ஏன்? கம்பி, குழாய், சிலிண்டர் ஆகியவற்றின் இயல்பே காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். வாடிக்கையாளரின் கணக்கு யார் கையில் இருக்கிறது, அவரை விடுவிக்க யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதுதான் நாட்களைத் தீர்மானிக்கிறது. பழைய நிறுவனத்தின் கையெழுத்து தேவைப்படும் இடத்தில் நாட்கள் நீள்கின்றன, தேவைப்படாத இடத்தில் சுருங்குகின்றன.

முதலில் மின்சாரம். ஷராவதியில் விழும் தண்ணீரும் ராய்ச்சூரில் எரியும் நிலக்கரியும் பாவகடாவில் அடிக்கும் வெயிலும் ஒரே கட்டமைப்பில் கலந்துதான் ஜீவனஹள்ளியின் டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேர்கின்றன. விற்பவர் மாறினாலும் விளக்குக்கு வருவது அதே மின்சாரம், அதுவும் அதே கம்பி வழியாக. மாறுகிறவை மூன்றுதான்: குறிப்பிட்ட நாளில் மீட்டர் காட்டும் அளவு, அதற்குப் பிறகு பில் போடும் உரிமை, அதற்கு முந்தைய நிலுவை யாருக்குச் சேரும் என்ற தீர்வு. மூன்றும் ஏட்டில் நடப்பவை. ஏட்டில் நடப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்குப் பெங்களூரின் வரலாறே சான்று. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன மின்சாரம் 1905-இல் பெங்களூரின் தெருவிளக்குகளை எரிய வைத்தது. அரசுத் துறையாக இருந்தது 1957-இல் வாரியமாயிற்று. வாரியம் 1999-இல் கே.பி.டி.சி.எல். என்ற கழகமாக மாறியது, 2002-இல் அதிலிருந்து பெஸ்காம் பிரிந்தது. இந்த நகரத்து வீடுகளுக்கு மின்சாரம் விற்றவர் இப்படிப் பலமுறை மாறியிருக்கிறார். ஒருமுறையாவது வீட்டுக்காரர் விண்ணப்பம் எழுதியதுண்டா? வரிசையில் நின்றதுண்டா? ஒரு தேதி குறிக்கப்பட்டது, அந்தத் தேதியில் லட்சக்கணக்கான கணக்குகள் கை மாறின.

மும்பையிலும் அதுவே நடந்தது. 2018 ஆகஸ்ட் இறுதியில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் மும்பைப் புறநகர் மின்விநியோகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனபோது ஏறக்குறைய 30 லட்சம் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களானார்கள். பிரிட்டனில் 2021-22 குளிர்காலத்தை ஒட்டி எரிவாயு விலை ஏறியபோது சுமார் 30 சில்லறை எரிசக்தி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூழ்கின. அவற்றின் வாடிக்கையாளர்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு சில நாட்களுக்குள் வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது, யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. அதே நாட்டில் அதே காலத்தில் ஒரு குடும்பம் தானாக விரும்பி நிறுவனம் மாறினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுவனம் விற்கப்பட்டால் ஓர் இரவு, நிறுவனம் திவாலானால் சில நாள், குடும்பம் முடிவெடுத்தால் சில வாரம். தொழில்நுட்பம் மூன்றிலும் ஒன்றே. முதல் இரண்டில் விட்டுக்கொடுக்கும் நிறுவனம் குறுக்கே நிற்கவில்லை அல்லது நிற்கும் நிலையில் இல்லை. மூன்றாவதில் மட்டும் அது நிற்கிறது.

இந்தியக் குடும்பங்கள் இதைச் சொந்த அனுபவமாக அறிந்திருப்பது சமையல் எரிவாயுவில்தான். ஏஜென்சி மாற்றும் வசதி 2013 அக்டோபரில் 24 மாவட்டங்களில் சோதனையாக வந்து, 2014 ஜனவரியில் 480 மாவட்டங்களுக்கு விரிந்தது. இண்டேன், பாரத், எச்.பி. மூன்றும் அரசு நிறுவனங்களுடையவை. ஒரே ஊரில் மூன்றின் வீட்டுச் சிலிண்டரும் ஒரே விலை, ஒரே 14.2 கிலோ. ஆகவே இங்கே வாடிக்கையாளர் மாறுவது விலைக்காக அல்ல. பதிவு செய்து பத்து நாளாகியும் சிலிண்டர் வரவில்லை, மாடிக்குத் தூக்கிவர மேலே காசு கேட்கிறார்கள், போனை எடுப்பதில்லை என்பவைதான் காரணங்கள். அப்படி மாறுகிறவருக்கு அதே நிறுவனத்துக்குள் விதி என்ன? இணையத்தில் விண்ணப்பித்ததும் பழைய ஏஜென்சிக்கு 3 நாள் தரப்படுகிறது. அதற்குள் அவர்கள் வாடிக்கையாளரிடம் பேசி மனதை மாற்றலாம். மனம் மாறினால் வாடிக்கையாளர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம். இல்லையென்றால் இணைப்பு தானாகவே புதிய ஏஜென்சிக்குப் போய்விடும், கட்டணம் கிடையாது. 2021 மே மாதம், தொற்றுநோயின் இரண்டாம் அலை உச்சத்திலிருந்த அந்த மாதத்தில்கூட, நாடு முழுவதும் 55,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் இவ்வாறு மாறின. இந்த 3 நாளில் தொழில்நுட்ப வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணினியில் ஒரு பதிவு மாற நொடி போதும். மீதி முழுவதும் பழைய ஏஜென்சி சமாதானம் பேசுவதற்கான அவகாசம். அப்படியிருந்தும் இந்த ஏற்பாடு நன்றாக நடப்பதற்குக் காரணம் 'தானாகவே' என்ற சொல்தான். பழைய ஏஜென்சி பேசலாம், தடுக்க முடியாது.

நிறுவனம் விட்டு நிறுவனம் போவதில் அந்தத் 'தானாகவே' இல்லை. ஒரு நிறுவனத்தின் சிலிண்டர் அந்த நிறுவனத்திடமே நிரப்புவதற்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டு இருப்பதால், வாடிக்கையாளர் முதலில் பழைய ஏஜென்சியில் எல்லாவற்றையும் ஒப்படைத்தாக வேண்டும். இணைப்பு வாங்கிய நாளில் தந்த வவுச்சர் வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காகிதத்தை எத்தனை குடும்பங்கள் பத்திரமாக வைத்திருக்கும்? அது தொலைந்திருந்தால் உறுதிமொழிப் பத்திரம். இணைப்பு இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம். டெபாசிட்டோ அந்தக் காலத்துத் தொகை. இவை எல்லாம் முடியும்வரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்கு யாரும் பொறுப்பல்ல. தன்னை விட்டுப் போகிறவரின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை, போவதால் நஷ்டப்படும் ஏஜென்சியிடமே விடப்பட்டிருக்கிறது. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2025 செப்டம்பர் இறுதியில் இந்தக் கட்டைத் தளர்த்துவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரும் அருகிலுள்ள எந்த ஏஜென்சியிடமும் சிலிண்டர் வாங்கலாமா என்பதே கேள்வி. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்டாலும் சரியான கேள்வி. இதற்கு முன்னோட்டமாக 2021-இல் கோயம்புத்தூர், புணே, சண்டிகர், குர்கான், ராஞ்சி ஆகிய ஐந்து ஊர்களில் வேறொரு முறை அறிவிக்கப்பட்டது. இணைப்பை மாற்றாமலே, ஒவ்வொரு பதிவின்போதும் அதே நிறுவனத்தின் எந்த ஏஜென்சி கொண்டுவர வேண்டும் என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். அதில் காத்திருக்கும் நாள் என்பதே இல்லாமல் போகிறது.

சிலிண்டர் வெடித்தால் யார் பொறுப்பு என்று எண்ணெய் நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்விதான். சிலிண்டரைக் குறித்த காலத்தில் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது, வால்வைப் பார்ப்பது, காப்பீடு ஆகியவை உடைமையாளரின் கடமைகள், கலந்துவிட்டால் கடமையும் கலந்துவிடும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வரிசை எண்ணும் அடுத்த சோதனைக்கான காலாண்டும் பொறிக்கப்பட்டே வருகின்றன. மூன்று நிறுவனங்களும் எரிவாயுவைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. வரிசை எண்ணை வைத்துச் சிலிண்டர்களையும் மாதக் கடைசியில் கணக்குத் தீர்த்துக்கொள்ள அவர்களால் முடியும். அந்தக் கணக்கை அவர்கள் பார்க்காததால்தான் வாடிக்கையாளர் இரும்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாசல் ஏற வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தில் வீடுகளுக்கு உண்மையான தேர்வு கிடைத்த ஒரே பெரிய இந்திய நகரம் மும்பை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விநியோகஸ்தர்களை அனுமதித்தது. டாட்டா பவருக்குப் பழைய உரிமம் ஒன்று இருந்தது. அதைக் கொண்டு புறநகர் வீடுகளுக்கும் விற்கலாமா என்ற வழக்கில் 2008 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் டாட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த மறுநாளே யாராலும் மாற முடியவில்லை. டாட்டாவுக்கு அந்தத் தெருக்களில் கம்பி இல்லை, ரிலையன்ஸின் கம்பியைப் பயன்படுத்த முறை இல்லை. மீட்டர் யாருடையது, கடைசி அளவை யார் எடுப்பது, நிலுவை உள்ளவர் போகலாமா, கம்பிக்கு வாடகை எவ்வளவு என்பதற்கெல்லாம் விடை சொல்லும் ஆணையை மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம் 2009 அக்டோபர் 15 அன்றுதான் பிறப்பித்தது. முதலில் மாறிய மும்பைக் குடும்பம் காத்திருந்தது விண்ணப்பத்துக்குப் பிந்தைய சில வாரங்கள் மட்டுமல்ல, தீர்ப்புக்குப் பின் 15 மாதம், சட்டத்திலிருந்து எண்ணினால் 6 ஆண்டு. உரிமை முதலில் வந்து, அதைச் செயல்படுத்தும் ஏடு பிறகு எழுதப்பட்டதன் விலை இது. அதன்பின் லட்சக்கணக்கானோர் மாறினார்கள், கட்டணங்கள் ஏறி இறங்கியபோது திரும்பி வந்தவர்களும் உண்டு.

மும்பையை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும், தேர்வுரிமைக்கு எதிரான வலுவான வாதம் அங்கிருந்துதான் வருகிறது. நிறைய யூனிட் எரிக்கும் வீடுகள் கொடுக்கும் கூடுதல் கட்டணத்தில்தான் குறைவாக எரிக்கும் வீடுகளின் கட்டணம் தாங்கப்படுகிறது. புதிய நிறுவனம் முதலில் தேடிப்போவது நிறைய எரிப்பவர்களை. அவர்கள் போய்விட்டால் பழைய நிறுவனத்திடம் மிஞ்சுவது ஏழை வீடுகளும் அவர்களைத் தாங்க முடியாத கணக்கும். இது வெறும் ஊகம் இல்லை. 2012 ஆகஸ்டில் மகாராஷ்டிர ஆணையமே தலையிட்டு, ரிலையன்ஸ் பகுதியிலிருந்து வீட்டு வாடிக்கையாளர்களை எடுப்பதானால் மாதம் 300 யூனிட்டுக்குள் எரிப்பவர்களையே எடுக்க வேண்டும் என்று டாட்டாவுக்குக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு அரசும் மின்ஊழியர் சங்கங்களும் விவசாய அமைப்புகளும் எதிர்த்ததன் சாரமும் இதுதான். அந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. தேர்வு வேண்டுமா என்பதும் மாறுவதற்கு எத்தனை நாள் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஏழை வீட்டின் மானியத்தைக் காப்பாற்ற, மாறுகிறவர் மீது வெளிப்படையாகக் கூடுதல் கட்டணம் விதிக்கலாம், மும்பையில் அப்படித்தான் செய்தார்கள். அல்லது அரசு நேரடியாகவே தொகையைத் தரலாம், கர்நாடகம் இப்போது அப்படித்தான் செய்கிறது. விண்ணப்பத்தை இழுத்தடிப்பதால் மட்டும் எந்த ஏழைக்கும் ஒரு பைசா போய்ச் சேராது. தாமதம் ஏழையையும் பணக்காரரையும் ஒரே மாதிரி வதைப்பதில்லை. பணக்காரர் ஆள் வைத்து அலைவார், தினக்கூலிக்காரர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து அலைவார்.

வேகமாக மாற விட்டால் மோசடி பெருகும் என்பது அடுத்த எதிர்வாதம். கதவைத் தட்டி வரும் முகவர் ஒருவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டாருக்குத் தெரியாமலே கணக்கை மாற்றிவிடலாம். பிரிட்டனில் அப்படி நடந்ததுண்டு, கைபேசியில் நம் நாட்டிலும் நடந்தது. நிலுவை வைத்தவர் நழுவிவிடுவார் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் தாமதத்தைவிடப் பொருத்தமான மருந்துகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. பிரிட்டனில் தவறாக மாற்றப்பட்ட கணக்கைப் பழைய இடத்துக்கே திருப்ப நிறுவனங்களுக்கிடையே முறை உண்டு. முன்பணம் கட்டும் மீட்டர் வைத்திருக்கும் ஏழை வாடிக்கையாளர் 500 பவுண்டு வரை கடனிருந்தாலும் மாறலாம், கடன் அவரோடு புதிய நிறுவனத்துக்குப் போகும். நம் கைபேசி மாற்றத்தில், 2019 டிசம்பர் முதல், பில் நிலுவை உட்பட்ட நிபந்தனைகளைக் குறியீடு தரும்போதே ஒரு மூன்றாம் அமைப்பு சரிபார்த்துவிடுகிறது. அதனால்தான் அதற்கு முன் 7 வேலைநாளாக இருந்தது 3 ஆகக் குறைந்தது. சரிபார்க்கும் பொறுப்பு பழைய நிறுவனத்திடம் மட்டும் இல்லாமல் நடுவிலிருக்கும் ஒருவரிடம் போனதும் நாள் குறைந்தது. பிரிட்டனும் 2022 ஜூலை 18 முதல் பொதுவான மையப் பதிவேட்டின் மூலம் 5 வேலைநாளுக்கு இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய மின்சாரச் சந்தை உத்தரவு, மாறும் வேலையின் தொழில்நுட்பப் பகுதி 2026-க்குள் 24 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. மறுபரிசீலனைக்கு அவகாசம் வேண்டுமென்றால் மாறிய பிறகு திரும்பிவர 14 நாள் கொடுக்கலாம். மாறும் முன் 14 நாள் நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

பெஸ்காம் ஒன்றே இருக்கும் ஊரில் இதையெல்லாம் பேசி என்ன பயன் என்று கேட்பவருக்கு ஜீவனஹள்ளியின் வாடகை வீடுகளைக் காட்டலாம். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இந்தப் பகுதியில், பெங்களூரின் பிற பகுதிகளைப் போலவே, வீடு மாறுவது அடிக்கடி நடக்கிறது. இங்கே நிறுவனம் நிலையாக இருக்கிறது, ஆள் மாறுகிறார். ஆனால் கணக்கு ஆளைத் தொடர்வதில்லை. கரண்ட் பில்லின் தலையில் அச்சாகும் ஆர்.ஆர். நம்பர் மீட்டருக்குச் சொந்தம், பெயர் வீட்டுக்காரருடையது. 2023 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் கிருஹ ஜோதித் திட்டம் இந்த அமைப்பின் மேல்தான் கட்டப்பட்டது. தொடக்கத்தில் வகுத்த விதிப்படி, 200 யூனிட் உச்சவரம்புக்குள், 2022-23-இல் அந்த மீட்டர் காட்டிய மாதச் சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து அந்த அளவுவரை இலவசம். பழைய கணக்கு இல்லாத இணைப்புக்கு மாநிலச் சராசரியான 53 யூனிட் அடிப்படை. வாடகைக்கு வரும் குடும்பம் தன் ஆதாரை அந்த ஆர்.ஆர். நம்பரோடு இணைத்துக்கொள்கிறது. அவர்கள் வேறு தெருவுக்குக் குடிபோனபோது பழைய இணைப்பிலிருந்து ஆதாரை விடுவிக்கத் தொடக்கத்தில் வழியே இல்லை, அந்த வசதி பிறகுதான் வந்தது. சிக்கனமாக எரித்த ஒருவர் விட்டுப்போன வீட்டுக்கு ஐந்து பேர் கொண்ட குடும்பம் வந்தால், அவர்களுக்குக் கிடைப்பது அந்த முன்னவரின் சிக்கனத்தை வைத்துக் கணக்கிட்ட உரிமை. முன்னவர் வைத்துவிட்டுப் போன நிலுவையும் மீட்டரோடுதான் இருக்கும்.

ஆகவே வழங்குநரை மாற்றும் உரிமை இல்லாத இந்த ஊரிலும் அதே தடை வேறு உருவில் இருக்கிறது. மும்பையில் புதிய நிறுவனம் கேட்ட கேள்விகளைத்தான் ஜீவனஹள்ளியில் புதிய வாடகைதாரர் கேட்கிறார்: எந்த நாளின் அளவிலிருந்து என் கணக்கு, முந்தைய நிலுவை யாருடையது, இந்தப் பதிவை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020 டிசம்பரில் வந்தபோது பெருநகரங்களில் புதிய இணைப்புக்கு 7 நாள் கெடு வைத்தன. 2024 பிப்ரவரியில் அதை 3 நாளாகக் குறைத்தார்கள். கம்பத்திலிருந்து கம்பி இழுத்து, மீட்டர் பொருத்தி, முத்திரை வைப்பதற்கே 3 நாள் போதும் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கும்போது, ஏற்கெனவே சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டரில் ஆளின் பெயரை மாற்ற அதைவிட அதிக நாள் கேட்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்? வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டுமே என்பார்கள். உடைமை மாறும்போது அது வேண்டும். குடியிருப்பவர் எரித்ததற்கு அவர் பெயரில் கணக்கு எழுத, வாடகை ஒப்பந்தமும் குடிவந்த நாளின் மீட்டர் அளவும் போதும். முந்தைய நிலுவையை வீட்டுக்காரரிடமோ குடிபோனவரிடமோ வசூலிக்கும் வேலை பெஸ்காமுடையது.

2025 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் இன்னொரு திருத்த வரைவை வெளியிட்டிருக்கிறது, அதன் மீதும் பழைய சண்டை தொடரும், தொடர வேண்டியதுதான். ஆனால் கர்நாடக மின் ஒழுங்குமுறை ஆணையத்திடம் 2004 முதல் சேவைத் தர விதிகள் இருக்கின்றன. தாமதத்துக்கு நுகர்வோருக்கு இழப்பீடு தரும் முறையும் அவற்றில் உண்டு. வாடகைதாரர் குடிவந்த அல்லது குடிபோன நாளின் மீட்டர் அளவைப் பதிந்து, கணக்கையும் கிருஹ ஜோதி இணைப்பையும் 3 நாளில் மாற்ற வேண்டும், தவறினால் கேட்காமலே அடுத்த பில்லில் தொகை கழிக்கப்பட வேண்டும் என்று அந்த விதிகளில் சேர்க்க ஆணையத்தால் முடியும். அதற்கு நாடாளுமன்றத்தில் எந்த மசோதாவும் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.